கடனை மறுக்காத பெருமாள்



சித்தூரில் ஒரு மாலைப்பொழுது. சத்சங்கம் நிறைவுற்று ஆரத்தியும் ஆயிற்று. பிரசாதம் பெற்றுக்கொண்டு அனைவரும் கலைந்து செல்ல, பெரியவர் ஒருவர் மட்டும் தயங்கி நின்றார். பங்காருபாளையத்துக்கு அருகில் மாந்தோப்பு வைத்திருப்பவர். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று இரு மொழிகளோடும் வாழ்கின்ற எல்லைப்புறத்து மனிதர்.

"சுவாமிஜி, எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. தாங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றார்.

வழக்கு இதுதான். அவருடைய மாமரங்கள் சில ஆண்டுகளாகக் காலம் தவறிப் பூக்கின்றன. பூத்த வேளையில் மழை வந்து பூவை உதிர்க்கிறது. பிஞ்சு நிற்கும் வேளையில் வெயில் வந்து பிஞ்சை உதிர்க்கிறது. "பூமி சூடாகிறது அப்பா, மனிதன் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும்தான் காரணம்" என்கிறாள் பள்ளி ஆசிரியையான மகள். "பூமி எத்தனையோ முறை சூடாகியும் குளிர்ந்தும் இருக்கிறது. இது இயற்கையின் போக்கு. இதில் மனிதன் எம்மாத்திரம்?" என்கிறான் பெங்களூரில் பணிபுரியும் மகன். "மழையும் வெயிலும் பெருமாள் சித்தம், நாம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்பது பெரியவரின் கட்சி.

"இயற்கையா, நாம் செய்த வினையா, பெருமாள் சித்தமா? மூவரில் யார் சொல்வது சரி, சுவாமிஜி?"

ஒரு மாந்தோப்பு வீட்டில் எழுந்த இந்தக் கேள்வியைத்தான் உலக நாடுகளெல்லாம் கூடிப் பல ஆண்டுகளாக விவாதித்தன. இதை அறிவியல் அறிஞர்களின் கேள்வி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 'செய்தவன் யார்?' என்பது கர்மத்தைப் பற்றிய கேள்வி; எனவே அது ஆன்மிகக் கேள்வியும் ஆகும்.

வாதம் மூவகை

விவாதத்தைக் குறித்து நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள். கௌதம முனிவரின் நியாய சாஸ்திரம் விவாதத்தை மூன்றாக வகுக்கிறது. உண்மையை அறிய வேண்டும் என்ற ஒரே நோக்குடன் இருவர் பேசுவது வாதம். எப்படியேனும் வெல்ல வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் இல்லாமல் எதிராளி சொல்வதை உடைப்பதற்காகவே பேசுவது விதண்டை. விவாதத்தில் இறங்கும் முன் நாம் இந்த மூன்றில் எதில் இறங்குகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூமி வெப்பமடைவது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட, ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் 1988-ஆம் ஆண்டு பன்னாட்டு அரசுகளின் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழு எடுத்த எடுப்பிலேயே மனிதன்மீது பழி சுமத்தவில்லை. 1995-ல் மனிதனின் தாக்கம் புலப்படத் தொடங்கியிருக்கிறது என்ற அளவில்தான் கூறியது. 2001-ல், அண்மைக்கால வெப்ப உயர்வின் பெரும்பகுதிக்கு மனிதன் காரணமாக இருக்கக்கூடிய வாய்ப்பு 66 சதவீதத்துக்கு மேல் என்றது. 2007-ல் அது 90 சதவீதமாகவும், 2013-ல் 95 சதவீதமாகவும் உயர்ந்தது. 2021-ல்தான், மனிதனே பூமியை வெப்பமாக்கியிருக்கிறான் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று அறிவித்தது. அடிமேல் அடிவைத்து, சான்று கிடைத்த அளவுக்கே பேசிய இந்த முறை வாதத்தின் இலக்கணத்துக்குப் பொருந்துவது.

அந்தக் குழு தவறே செய்யவில்லையா? செய்தது. இமயத்தின் பனியாறுகள் 2035-ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடக்கூடும் என்று 2007 அறிக்கையில் ஓரிடத்தில் எழுதிவிட்டது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. நம் நாட்டிலிருந்தும் பனியாறுகள் குறித்து மாற்றுக் கருத்து எழுந்தது. 2010 ஜனவரியில் குழு தன் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒரு வரி தவறாயிற்று என்பதால் முழு ஆராய்ச்சியும் பொய் என்று அப்போது பலர் முழங்கினார்கள். கணக்கில் ஒரு பிழை கண்டு திருத்தியவனைத் திருடன் என்று சொல்வதுண்டா? தவற்றை ஒப்புக்கொள்வது சத்தியத்தின் பக்கம் நிற்பவனுக்கே இயலும்.

மலையில் புகை கண்டால்

மகன் கூறியதையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். மனிதன் தோன்றும் முன்னரே பூமி பலமுறை சூடாகியும் குளிர்ந்தும் இருக்கிறது என்பது உண்மையே. அப்படியானால் இப்போதைய வெப்பத்துக்கு மட்டும் மனிதன் காரணம் என்று எப்படி அறிவது?

அனுமானப் பிரமாணத்துக்கு நம் தர்க்க நூல்கள் கூறும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தொலைவில் ஒரு மலை. அதில் புகை எழுகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதை நாம் அடுக்களையில் கண்டிருக்கிறோம். ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது என்று துணிகிறோம். ஆனால் தர்க்க சாஸ்திரம் இத்துடன் நிற்க விடாது. 'நீ கண்டது புகைதானா, மூடுபனியா? வேறு காரணம் இருக்கலாம் அல்லவா?' என்று கேட்கும். வேறு காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே அனுமானம் உறுதிப்படும்.

அந்த முறைப்படியே பார்ப்போம். கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து வைக்கும் என்பதை 1859-ல் ஜான் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் கண்டார். அது அடுக்களையில் கண்ட நெருப்பு. தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த அந்த வாயு, 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மலையொன்றில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 பங்கு. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. இது மலையில் எழும் புகை.

வேறு காரணம் இருக்கலாம் அல்லவா? சூரியன் காரணமாகலாம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனின் ஆற்றலை அளந்து வருகின்றன. பூமி சூடான இக்காலத்தில் சூரியனின் ஆற்றல் ஏறுமுகமாக இல்லை. எரிமலைகள் காரணமாகலாம். அவை வெளியிடும் கரியமில வாயு, மனிதன் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்று ஆகாயத்திலேயே இருக்கிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கி என்ற சிற்றூர் உண்டு. அங்கே விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1,024 ஆண்டெனாக்களை வயலில் நாற்று நட்டாற்போல் வரிசையாக நிறுத்தி, காற்று மண்டலத்தின் அடுக்குகளை ரேடார் கொண்டு ஆராய்கிறார்கள். திருமலைக்குச் செல்லும் பக்தர்கள் பலர் அந்த வழியாகவே கடந்து போகிறோம். ஏழுமலையானைத் தேடி நாம் மேல்நோக்கிப் போகிறோம். அவர்களும் வேறொரு தவத்தில் மேல்நோக்கியே இருக்கிறார்கள்.

ஆகாயத்தின் அடுக்குகள் தரும் சான்று இது: வெப்பம் சூரியனால் மிகுந்திருந்தால் காற்று மண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது என்றால் கீழடுக்கு சூடாகி மேலடுக்கு குளிர வேண்டும். திருமலையின் குளிரில் கம்பளி போர்த்தி உறங்குபவருக்கு உள்ளே கதகதப்பு, கம்பளிக்கு வெளியே குளிர் என்பது போல. மேலடுக்கு குளிரும் என்று 1967-லேயே சியுகுரோ மனாபே என்ற அறிஞரும் அவருடைய சகாவும் கணித்துச் சொன்னார்கள். பலூன்களும் செயற்கைக்கோள்களும் பல பத்தாண்டுகள் அளந்து கண்டதும் அதுவே. மனாபே 2021-ல் நோபல் பரிசு பெற்றார். மூடுபனி என்ற ஐயம் இவ்வாறு விலகியது. மலையில் இருப்பது நெருப்புத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2021 நவம்பரில் திருப்பதி கண்ட வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். ஸ்ரீவாரி மெட்டுப் படிகளில் அருவிபோல் நீர் பாய்ந்து பாதை சிதைந்தது. சுவர்ணமுகி கரைபுரண்டது. ராயலசெருவு ஏரியின் கரை உடைந்துவிடுமோ என்று அஞ்சிக் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 'இந்த ஒரு மழைக்குப் பூமி வெப்பமடைந்ததே காரணம்' என்று அறுதியிட்டுச் சொன்னால் அது ஜல்பமாகிவிடும். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெருமழைகள் மேலும் பெரிதாகும் வாய்ப்பு மிகும் என்று சொல்வது வாதம். அதோடு, நீர் தங்க வேண்டிய ஏரிகளையும் ஓட வேண்டிய ஓடைகளையும் நாம் வீட்டுமனைகளாக்கியதும் அந்த வெள்ளத்தில் கலந்திருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

பெருமாள் சித்தம் என்றால் என்ன?

இனி, பெரியவரின் கட்சிக்கு வருவோம். நம் அன்பர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பதும் இதுவே. 'எல்லாம் அவன் செயல். நான் கர்த்தா அல்லேன்.'

இது மகா வாக்கியம் போன்றது. மகான்களின் வாயில் அது ஒளிரும். ஆனால் அதை எப்போது சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். விளைச்சல் பெருகிய ஆண்டில் 'என் உழைப்பு' என்கிறோம். விளைச்சல் பொய்த்த ஆண்டில் 'அவன் சித்தம்' என்கிறோம். லாபத்துக்கு நான் கர்த்தா, நஷ்டத்துக்கு அவன் கர்த்தா என்றால் அது சரணாகதி ஆகுமா?

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைக் கூறுகிறார்: செயலுக்கு இடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தெய்வத்தைச் சேர்த்ததால் செய்பவனை நீக்கிவிடவில்லை. 'எல்லாம் நானே' என்பவன் தெய்வத்தை மறக்கிறான். 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று தப்பிப்பவன் ஐந்தில் தன் பங்கை மறைக்கிறான். முன்னது அகந்தை, பின்னது வேடமிட்ட அகந்தை.

அறியாமல் செய்த வினைக்கும் பயன் உண்டா என்று சிலர் கேட்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீ. ராமநாதன் என்ற தமிழர், இளமையில் செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றினார். பெட்டியிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று கண்டறிவது அவர் வேலை. பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் ஈடுபட்டபோது, 1975-ல், அந்த வகை வாயு கரியமில வாயுவைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்று கண்டார். பெட்டியில் பாலும் தயிரும் வைத்த எந்தக் குடும்பத் தலைவியும் பூமியைச் சூடாக்க நினைத்ததில்லை. எனினும் கசிந்த வாயு தன் வேலையைச் செய்தது. கர்ம நியதி, எண்ணத்தைப் பொறுத்துக் குற்றத்தைக் குறைக்கலாம். தீயில் கை வைத்தால் சுடாமல் விடாது.

அந்தக் கதை நல்லபடியாகத் தொடர்ந்தது என்பதையும் கூற வேண்டும். அதே வாயுக்கள் ஓசோன் படலத்தையும் அரிக்கின்றன என்பது தெளிவானதும், 1987-ல் மாண்ட்ரீல் நகரில் நாடுகள் கூடி அவற்றைக் கைவிட உடன்பட்டன. ஓசோன் படலம் இன்று மெல்ல மெல்லத் தேறி வருகிறது. செய்ததை ஒப்புக்கொண்டதால் திருத்த முடிந்தது.

மூன்றாவது சாட்சி

திருவேங்கடமுடையானின் சரித்திரத்தை அறியாதவர் யார்? ஆகாசராஜனின் திருமகள் பத்மாவதியை மணம் புரியச் சீனிவாசனிடம் பொருள் இல்லை. குபேரனிடம் கடன் வாங்கினார். கலியுகம் முடியும்வரை வட்டி செலுத்துவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இன்றும் உண்டியலில் விழும் காணிக்கை அந்தக் கடனுக்கே என்று பக்தர்கள் நம்புகிறார்கள். தெலுங்கு மக்கள் அவரை 'வட்டிகாசுலவாடு' என்று உரிமையோடு அழைக்கிறார்கள்.

உலகங்களைப் படைத்துக் காப்பவருக்குக் கடன் எதற்கு? லீலைதான். ஆனால் அந்த லீலையில் நமக்கொரு பாடம் இருக்கிறது. குபேரனின் செல்வமும் அவருடையதே. 'எல்லாம் என் சித்தம். கடனாவது, வட்டியாவது' என்று அவர் ஒருவர்தான் சொல்லியிருக்க முடியும். அவர் சொல்லவில்லை. பத்திரம் எழுதினார், சாட்சி வைத்தார், யுகம் முழுவதும் கடனாளியாக நிற்கிறார். அவருடைய சித்தத்தைச் சொல்லிக்கொண்டு நாம் நம் கடனை மறுக்கலாமா?

அந்தப் பத்திரத்துக்குச் சாட்சிகள் மூவர் என்பது தலபுராண மரபு. பிரம்மதேவர் ஒருவர், சிவபெருமான் ஒருவர், மூன்றாவது சாட்சி அரசமரம்.

நம் கடனுக்கும் மரம் சாட்சி சொல்லியிருக்கிறது. உயிருள்ள மரம் காற்றிலிருந்து எடுக்கும் கரியில் மிகச் சிறிதளவு கதிரியக்கக் கரியும் கலந்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முற்றிலும் அழிந்து போயிருக்கும். 1955-ல் ஹான்ஸ் சூஸ் என்ற அறிஞர் மரங்களை ஆராய்ந்து, தொழிற்புரட்சிக்குப் பின் வளர்ந்த கட்டையில் அந்தக் கதிரியக்கக் கரி குறைந்திருப்பதைக் கண்டார். காற்றில் புதிதாகக் கலந்தது பூமிக்கடியிலிருந்து தோண்டி எரித்த பழைய கரி என்பதை மரம் தன் வளையங்களில் எழுதி வைத்திருந்தது. தோண்டியது யார்? மனிதனைத் தவிர வேறு யார்?

ஆகாசராஜனின் மகளை மணக்கப் பெருமாள் பட்ட கடன் குபேரனிடம். நாம் பட்ட கடன் ஆகாசத்திடமே. நாம் விடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் அங்கேயே தங்குகிறது. வட்டி கட்டப்போவது நம் பேரப்பிள்ளைகள்.

பெரிய கடன்காரர், சிறிய கடன்காரர்

'அமெரிக்காவும் ஐரோப்பாவும் செய்ததற்கு நாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?' என்று கேட்பதில் நியாயம் உண்டு. எரிபொருளால் இதுவரை காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. பாரதத்தின் பங்கு நூற்றுக்கு நான்கைத் தொடாது. இன்றும் சராசரி இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 2 டன் வெளியிடுகிறார்; சராசரி அமெரிக்கர் அதைப்போல் ஏழு மடங்கு. பெரிய கடன்காரர் முதலில் செலுத்த வேண்டும் என்று நம் நாடு உலக அரங்கில் வாதிடுவது தர்மமே.

ஆனால் அந்தச் சராசரிக்குள் யார் யார் இருக்கிறோம் என்று பார்ப்போம். மாட்டுவண்டி ஓட்டும் ஏழையும் அதில் இருக்கிறார். வீட்டில் நான்கு அறைக்கும் குளிர்சாதனம் வைத்தவரும் இருக்கிறார். ஏழையின் சிக்கனத்தைக் காட்டி வசதி படைத்தவர் தப்பித்துக்கொள்வது எந்த தர்மம்? இதைச் சொல்ல அடியேனும் அன்று காரில்தான் சித்தூருக்குச் சென்றேன். பேருந்தில் சென்றிருக்கலாம். அது என் கணக்கு.

மண் சுமக்கும் இடத்துக்கு வந்த சிறுவன்

திருமலையின் மகாத்வாரத்தில் ஒரு கடப்பாரையைக் காணலாம். ராமானுஜரின் ஆணைப்படி மலையில் புஷ்ப கைங்கரியம் செய்ய வந்த அனந்தாழ்வானுடையது அது. நந்தவனத்துக்கு நீர் வேண்டி அவர் தம் கையாலேயே ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த மனைவி மண் சுமந்தார். அப்போது ஒரு சிறுவன் வந்து கூடையை வாங்கிச் சுமந்தான். 'என் கைங்கரியத்தில் நீ ஏன் பங்குக்கு வருகிறாய்?' என்று சினந்த அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. சந்நிதிக்குப் போனால் பெருமாளின் மோவாயில் குருதி! அன்று காயத்துக்கு அப்பிய பச்சைக் கற்பூரமே இன்றும் அந்தத் திருமுகத்தில் விளங்குகிறது என்பர்.

பெருமாள் சித்தம் என்பதன் பொருள் இங்கே விளங்குகிறது. ஏரி வேண்டும் என்று கைகூப்பி அமர்ந்திருந்தால் அவர் வந்திருப்பாரா? ஒருவர் மண் வெட்டுகிற இடத்துக்கு அவர் கூடையோடு வந்தார்.

அந்த மலையிலேயே இன்றும் சில நல்ல தொடக்கங்களைக் காண்கிறோம். 2002-ல் திருமலையின் அன்னதானச் சமையலுக்குச் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் ஏற்பாடு அமைந்தது. நாளொன்றுக்கு 15,000 பேருக்குச் சமைக்கும் திறனுடையதாக அது அமைக்கப்பட்டது. 2022 ஜூன் முதல் மலையில் பிளாஸ்டிக் தடை கடுமையாக்கப்பட்டது. கோயில் தொடங்கியதை வீடுகள் தொடர வேண்டும். ஆடம்பரத் திருமணத்தில் வீணாகும் அன்னம், ஆளில்லா அறையில் எரியும் விளக்கு, நடந்து போகும் தொலைவுக்கு எடுக்கும் வண்டி, தோப்பில் எரிக்கும் சருகு இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். நம் பஞ்ச மகா யக்ஞங்களில் பூத யக்ஞமும் ஒன்று. எல்லா உயிர்களுக்கும் நாம் பட்டிருக்கும் கடனை அன்றாடம் செலுத்துவது அது.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "சுவாமிஜி, எங்கள் ஊர் ஏரிக்கு நீர் வரும் கால்வாய் ஒன்று உண்டு. அதன் ஓரத்தைத் தோப்போடு சேர்த்து வேலி போட்டவன் நான்தான். ஏரி நிரம்பாத ஆண்டுகளில் பெருமாள் சித்தம் என்று நானும் ஊராரோடு சேர்ந்து சொல்லியிருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது."

"வேலியை என்ன செய்யப் போகிறீர்கள், ஐயா?" என்று கேட்டேன்.

"மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு போய்ப் பிடுங்கப் போகிறேன்" என்றார்.

அந்த வீட்டு வழக்குக்கு அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். அன்பர்களே, அடுத்த முறை திருமலைக்குச் சென்று உண்டியலில் காணிக்கை இடும்போது ஒரு கணம் நின்று, நம் கணக்கில் எழுதப்படாமல் இருக்கும் கடன் எது என்று நினைத்துப் பார்ப்போம். அதை ஒப்புக்கொள்ளும் துணிவையும், செலுத்தும் ஆற்றலையும் கடனை மறுக்காத அந்தப் பெருமாள் நமக்கு அருள்வாராக!